பேனர் கடையில் ஒரு வரலாற்றுப் பட்டதாரி

பேனர் அடிக்கும் தொழிலில் இறங்கிய முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும்: ஊரில் எல்லாருக்கும் தங்கள் பெயர் பெரிதாக வர வேண்டும், மற்றதெல்லாம் இடம் இருந்தால் வந்தால் போதும்.

மலேசியாவில் கோலசிலாங்கூர் டவுனில் ஓர் அச்சுக் கடையில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். கல்யாணக் கார்டு, கருமாதி அறிவிப்பு, திருவிழா பேனர், கடைத் திறப்பு, காணாமல் போன பூனை என்று தமிழில் அச்சாகும் எல்லாமே என் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். நான் பட்டம் வாங்கியது வரலாற்றில். அதுவும் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில், அரசாங்கக் கடனில். கலைப் பட்டம் ஒன்றை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்களும் படிக்கலாம். ‘அப்புறம் எதுக்கு அதப் படிச்ச?’ என்று மட்டும் கேட்கக் கூடாது.

சிரிக்க வைக்கும் சங்கதிகள் சில இருக்கின்றன. ஆனால் நான் உட்கார்ந்து எழுதுவது அவற்றுக்காக அல்ல. ஒரு பெண்ணின் மேற்படிப்பு என் கையால் கெட்டுப்போனது. அதைச் சொல்ல வேண்டும். நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன்.

வேலை கிடைத்த விதம்

பட்டம் வாங்கிய பிறகு ஒரு வருடம் வேலைக்கு விண்ணப்பம் போடுவதே வேலையாக இருந்தது. வங்கி, காப்புறுதி, நூலகம், தஞ்சோங் காராங்கில் ஒரு நெல் ஆலை வரைக்கும் எழுதிப் பார்த்தேன். அத்தனையையும் அச்சடித்தது இந்தக் கடையில்தான். கடை முதலாளி தவுக்கே லிம் என்னை வாடிக்கையாளராகவே ஏற்றுக்கொண்டு, ‘இந்த வாரம் எங்க போடற?’ என்று விசாரிக்க ஆரம்பித்திருந்தார். தவுக்கே சிறு வயதில் தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்த சீனர். நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

ஒரு நாள் நான் போன நேரம் கடையில் கூச்சல். தமிழ் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூர் போய்விட்டார். யாரோ ஒருவருடைய அப்பாவின் பதினாறாம் நாள் அழைப்பு பாதியில் நிற்கிறது. தவுக்கே என்னைத் தோளைப் பிடிக்காத குறையாக நாற்காலியில் உட்கார வைத்தார். இருபது நிமிடத்தில் முடித்துக் கொடுத்தேன். வந்தவர்கள் போன பிறகு என் விண்ணப்பத்தை முதன்முறையாகக் கையில் எடுத்து, ஆங்கிலத்தில் இருந்ததால் அதைப் படித்துப் பார்த்து, என்ன படித்திருக்கிறேன் என்று கண்டுபிடித்தார். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே நேர்முகத் தேர்வு அதுதான்.

“ஹிஸ்டரியா? பழசு எல்லாம் படிக்கறதா? பரவால்ல லா, நம்ம மெஷினும் பழசுதான். நாளைக்கு ஒம்போது மணிக்கு வந்துடு.”

டாக்டர் பத்தடி, மற்றவர் ஆறடி

பட்டமளிப்பு சீசனில் எங்கள் கடைக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பிள்ளை பட்டம் வாங்கினால் சிம்பாங்கில், அதாவது தோட்டத்துச் சாலை பெரிய ரோட்டில் வந்து சேரும் முச்சந்தியில், வாழ்த்து பேனர் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். இதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. டாக்டர் என்றால் பத்தடி. பொறியியல் எட்டு. கணக்கியல் ஆறு. கலைப் படிப்பு என்றால், ‘சின்னதா ஒண்ணு போதும்மா, வீட்டு கேட்டுல மாட்டிக்கறோம்’ என்பார்கள்.

ஒருமுறை தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் ஒருவர் வந்தார். மகள் மானிடவியலில் முதல் வகுப்பு. ஆறடி கேட்டார், எனக்கு அப்போதே அவர் மீது மரியாதை வந்துவிட்டது. பெயருக்குக் கீழே ‘மானிடவியல் பட்டதாரி’ என்று போட்டுத் திரையில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பாடத்தின் பெயரை எடுத்துவிடச் சொன்னார். நான் சும்மா இருக்கலாம்தானே? ‘ஐயா, மூணு வருஷம் படிச்ச பாடம், இருக்கட்டுமே’ என்றேன். அவருக்கு மகளைப் பற்றி வெட்கம் எதுவும் இல்லை. தினம் நாலு பேர் டிராக்டரை நிறுத்தி அது என்ன படிப்பு என்று கேட்பார்கள், அவருக்குச் சொல்லத் தெரியாது, அதுதான் சங்கடம். அதை ஒத்துக்கொள்ளாமல் வேறு ஒரு நியாயம் சொன்னார்.

“பட்டதாரின்னு மட்டும் போடு தாயி. என்னா பட்டம்னு கேக்கறவன் என் மவ கல்யாணத்துக்கு மொய் எழுதப் போறதில்ல.”

மணமகளின் தகுதி

உலு யாமிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணக் கார்டுக்கு வந்தது. மாப்பிள்ளை வழக்கறிஞர். மணப்பெண் படித்தது தத்துவம். வேலை பார்ப்பது பத்தாங் காலியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், ஆள் எடுக்கும் பிரிவில். மாப்பிள்ளையின் அம்மா, ‘தத்துவம்னு போட்டா சாமியாரினி மாதிரி இருக்கு, நிர்வாகம்னு போடுங்க’ என்றார். பெண்ணின் அம்மா, ‘பட்டமே வேணாம், அதிகாரின்னு போட்டுடலாம்’ என்றார். இரண்டு சம்பந்தியும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே சண்டை போட்டார்கள். ஏழு தடவை மாற்றினேன். பெண் எனக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

“பேரு மட்டும் போடுங்க அக்கா. இவங்க மாத்தச் சொல்லாதது அது ஒண்ணுதான்.”

சாமி காசும் அரசாங்கக் காசும்

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஈஜோக் போகும் வழியில் ஒரு தோட்டம். பாதி வீடமைப்பாகிவிட்டது, மீதிப் பாதியில் இன்னும் எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டுகிறார்கள். அங்கே உள்ள மாரியம்மன் கோயிலுக்கு வருடா வருடம் மாநில அரசாங்க மானியம் கொஞ்சம் வரும். அதோடு காணிக்கையையும் சேர்த்துக் கோயில் நிர்வாகம் ஒரு கல்வி நிதி நடத்துகிறது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பதிவுக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அதிலிருந்து கொடுப்பார்கள். அரசாங்கக் கல்விக் கடன் கைக்கு வருவதற்குள் ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகிவிடும். முதல் நாள் கட்ட வேண்டியதற்கு வழியில்லாமல் வீட்டிலேயே நின்றுவிட்ட பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய.

நிதி தொடங்கிய வருடம், கோயில் தலைவர் முனியாண்டி ஐயா அறிவிப்பு பேனர் அடிக்க வந்தார். லோரி கம்பெனி நடத்தி ஓய்வு பெற்றவர். நின்றுகொண்டே வாசகத்தைச் சொன்னார், நான் தட்டிக்கொண்டே வந்தேன். கடைசி வரி இது: ‘மருத்துவம், பொறியியல், கணக்கியல், சட்டம் பயிலும் மாணவர்களுக்கு மட்டும்.’ கை நின்றுவிட்டது. ‘மத்த பிள்ளைங்க எல்லாம் சாமிக்குப் பிள்ளைங்க இல்லையா ஐயா?’ என்று கேட்டுவிட்டேன். வேறு ஆளாக இருந்தால் தவுக்கேயிடம் புகார் போயிருக்கும். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மானியம் வாங்கினால் அறிக்கை எழுத வேண்டுமாம். யாருக்குக் கொடுத்தோம், அவர் என்ன ஆனார் என்று அதிகாரி கேட்பாராம். கடைசியில் என்னையே ஒரு கேள்வி கேட்டார். எனக்கு நல்ல பதிலெல்லாம் வீட்டுக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில்தான் வரும்.

“சாமி காசும் அரசாங்கக் காசும் கலந்த காசும்மா இது. இத வாங்கி ஒரு பய கவிதை படிச்சிட்டு வந்து சும்மா உக்காந்தான்னா, ரெண்டு பேருக்கும் நான்ல பதில் சொல்லணும்?”

தண்ணீர்க் குழாய்

அதே வருடம்தான் லோசினி கடைக்கு வர ஆரம்பித்தாள். அதே தோட்டம். அம்மா பாக்கியம் செம்பனைக்கு உரம் போடும் வேலை, அப்பா இல்லை. லோசினி அப்போது ஆறாம் படிவம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு. வரலாற்றுப் பாடத்துக்கு ஓர் ஆய்வு எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும். அதைப் பிரதி எடுக்க வந்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் சும்மா ஒரு பக்கத்தைப் பார்த்தேன். பிறகு அடுத்த பக்கம். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்த கதை. நிர்வாகம் தொழிலாளர் நலன் கருதிப் போட்டுக் கொடுத்தது என்று தோட்டத்து ஆபீசில் ஒரு பலகை இருக்கிறதாம். லோசினி பதினொரு பெண்களிடம் போய்க் கேட்டிருக்கிறாள். துரை பங்களா வாசலில் வெறும் வாளியோடு மூன்று நாள் உட்கார்ந்தோம், யாரும் வேலைக்குப் போகவில்லை, நாலாம் நாள் குழாய் வந்தது என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதில் யார் பொய் என்று அவள் தீர்ப்பு எழுதவில்லை. பலகையை வைத்தது யார், எப்போது, அதைப் படிக்க யார் அந்தப் பக்கம் போவார்கள் என்று கேட்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம்கூட எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. ‘நீ ஹிஸ்டரிதான் படிக்கணும்’ என்றேன். அவள் என் மை படிந்த விரல்களைப் பார்த்தாள். ‘நீங்க ஹிஸ்டரி படிச்சிட்டுத்தான் இங்க வந்தீங்களா அக்கா, இல்ல இங்க வந்து அப்புறம் படிச்சீங்களா?’ என்று கேட்டாள். கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள், அதுதான் சுருக்கென்றது.

அதன் பிறகு அடிக்கடி வருவாள். பெட்டியில் கிடந்த என் பழைய புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்த என் குறிப்புகளில் இரண்டு தவறு என்று திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள். சரிபார்த்தேன், தவறுதான். பரீட்சை முடிந்து, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்ட அன்று ஓடிவந்து சொன்னதை நான் மறக்கவில்லை.

“மொத சாய்ஸே ஹிஸ்டரி போட்டுட்டேன் அக்கா. கிடைச்சு, படிச்சு முடிச்சா நீங்கதான் பேனர் அடிக்கணும். பாடத்தோட பேரு பெருசா இருக்கணும், சொல்லிட்டேன்.”

ஐந்து நிமிடம் பன்னிரண்டு விநாடி

எங்கள் தொழிலின் ரகசியம் ஒன்று சொல்கிறேன். எந்த பேனரையும் நாங்கள் புதிதாகச் செய்வதில்லை. போன வருடத்துக் கோப்பைத் திறப்போம், தேதியை மாற்றுவோம், அடிப்போம். எங்கள் கடையின் தீபாவளி விளக்கு எட்டு வருடமாக ஒரே விளக்கு. இதற்குப் பெயர் அனுபவம்.

மறு வருடம் கல்வி நிதி பேனருக்கு முனியாண்டி ஐயா வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். அவர் எழுத மாட்டார், பேசித்தான் அனுப்புவார். ஐந்து நிமிடம் பன்னிரண்டு விநாடி. அன்றைக்கு மூன்று கல்யாணக் கார்டு, ஒரு கருமாதி, இயந்திரத்தில் மை அடைப்பு. ஒரு கையால் துடைத்துக்கொண்டே கேட்டேன். வணக்கம் சொன்னார். முழங்கால் வலியைச் சொன்னார். கோயில் முன்னால் தண்ணீர் தேங்குவதைச் சொன்னார். இரண்டாவது நிமிடத்தில், ‘போன வருஷ பேனரே போதும்மா, தேதிய மாத்திடு’ என்றார். அங்கேயே நிறுத்திவிட்டேன். கோப்பைத் திறந்தேன், தேதியை மாற்றினேன், படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். கட்டைவிரலும் கும்பிட்ட கையும் வந்தன. அடித்துவிட்டேன்.

அந்தக் கடைசி வரி என் கண்ணில் படவில்லை என்று சொல்ல மாட்டேன். பட்டது. போன வருடம் நின்ற கை இந்த வருடம் நிற்கவில்லை, அவ்வளவுதான். ஒரு தடவை அச்சானது அடுத்த தடவை வழக்கமாகிவிடுகிறது. இதைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நான் ஒரு கட்டுரையே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தவுக்கே பேனரைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பாராட்டினார்.

“பத்து நிமிசத்துல ஒரு பேனர்! பாத்தியா, படிச்ச பொண்ணு வேலைக்கு வச்சா இதான் லாபம்.”

மூன்று பிரதி

லோசினி அந்தச் சமயத்தில் கடைப் பக்கம் வரவில்லை. இடம் கிடைத்தால் ஓடி வருவாள், கிடைக்கவில்லை போலிருக்கிறது, நாமாகக் கேட்டு நோகடிக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஏழெட்டு வாரம் கழித்து வந்தாள். அடையாள அட்டையும் பரீட்சைச் சான்றிதழும் தலா மூன்று பிரதி வேண்டும். எதற்கு என்றேன். வேலைக்கு என்றாள். பல்கலைக்கழகம் என்ன ஆயிற்று என்று கேட்டதும், பிளாஸ்டிக் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். வடக்கே ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகம். வரலாறு. அவள் கேட்ட முதல் இடமே கிடைத்திருந்தது. பதிவு நாள் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அம்மாவுக்கு அரை மனசு இருந்ததாம். முதல் நாள் பணத்துக்கு என்ன செய்வது என்பதுதான் பயம். லோசினிக்கு முந்தின வருடத்து வரி நினைவிருந்தது, ஆனால் இந்த வருடம் மாறியிருக்கலாம் இல்லையா? புது பேனர் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மோட்டார் சைக்கிளில் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து சிம்பாங்குக்கு அழைத்துப் போயிருக்கிறாள். பாக்கியம் அக்கா தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்தவர், நன்றாகத் தமிழ் படிப்பார். எனக்கு அந்த நிமிடம் கோயில் நிர்வாகத்தின் மீது வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. லோசினி கோபப்படவில்லை. பிரதிகள் வரும் வரை இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு, நடந்ததை மட்டும் சொன்னாள்.

“அம்மா மோட்டர விட்டு இறங்காமயே அந்த வரியப் படிச்சாங்க அக்கா. ‘கோயிலே இந்தப் படிப்பு வேணாங்குது, நான் யார நம்பி உன்ன அனுப்பட்டும்?’னு கேட்டாங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசல.”

தயார் செய்துகொண்டு போன பேச்சு

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். மூன்று நாளாக மனதுக்குள் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். முனியாண்டி ஐயா பூஜைக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தேன். மானியம் யார் பணம்? பாக்கியம் அக்கா கட்டுகிற வரியும் அதில் இல்லையா? பொறியியல் படித்தவன் சிங்கப்பூர் போய் உட்கார்ந்தால் அது பயன், இந்தத் தோட்டத்துக்கு எப்படித் தண்ணீர் வந்தது என்று எழுதி வைத்தால் அது வீணா? பலகையில் இருப்பதைத்தான் நம் பிள்ளைகள் நம்ப வேண்டுமா? பேச்சு நன்றாகத்தான் வந்தது. கையில் நாற்காலியோடு அவர் முழுவதும் கேட்டார்.

‘நீ சொல்றதெல்லாம் நியாயம்மா. எங்க செயலாளர் டீச்சரும் கூட்டத்துல இதத்தான் சொன்னாங்க. அதான் மாத்திட்டோமே’ என்றார். எனக்குப் புரியவில்லை. நாற்காலியை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, எனக்கு அனுப்பிய அந்தக் குரல் செய்தியை ஓட விட்டார். வணக்கம். முழங்கால். தேங்கிய தண்ணீர். போன வருஷ பேனரே போதும்மா, தேதிய மாத்திடு. அதற்கு மேலும் ஓடியது. தோட்டத்தில் டாக்டருக்குப் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் போன வருடம் வேறு உதவிச் சம்பளம் கிடைத்துவிட்டது, நிதிக்கு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை, மானியத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆகிவிட்டது, கூட்டத்தில் இரண்டு மணி நேரம் விவாதம். பிறகு நாலாவது நிமிடத்துக்கு மேல் அவர் குரல்: ‘திருப்பிக் குடுக்கறதுக்குப் பதிலா எந்தப் பிள்ள எதப் படிச்சாலும் குடுத்துடலாம்னு முடிவும்மா. கவிதையே படிக்கட்டும் லா. அந்தக் கடைசி வரிய மறக்காம எடுத்துடு. அதான் முக்கியம்.’

கோயில் மணி அடித்தது. ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்தால் கடைசி வரி வரை படி, பாதியில் முடிவுக்கு வராதே என்பது எங்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். அதைத்தான் நான் விட்டேன். இவ்வளவு படித்தவள் இல்லாமல், தட்டச்சு மட்டும் தெரிந்த ஒருத்தி அந்த நாற்காலியில் இருந்திருந்தால், சொன்னதை முழுக்கக் கேட்டுச் செய்திருப்பாளோ என்று தோன்றியது. படம் அனுப்பினேனே ஐயா, பார்த்துவிட்டுத்தானே கட்டைவிரல் காட்டினீர்கள் என்று ஒரு வாதம் நாக்கு நுனி வரை வந்தது. அதை அவரே சொல்லிவிட்டார்.

“நானும் அத படிக்கலம்மா, எனக்குக் கண்ணு மங்கல். உனக்கு என்னாச்சு?”

தஞ்சோங் காராங்

லோசினிக்குத் தஞ்சோங் காராங்கில் வாய்க்காலை ஒட்டிய ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை கிடைத்திருந்தது. என் விடுமுறை நாளில் அங்கே போனேன். வயல்காரர் ஒருவருக்கு ரப்பர் குழாய் அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் போகும் வரை காத்திருந்தேன். அதற்குள் செய்ய முடிந்ததையெல்லாம் செய்து பார்த்திருந்தேன். பல்கலைக்கழகத்துக்கு ஃபோன் போட்டேன், கடிதம் எழுதினேன். இந்த வருடத்து இடம் போனது போனதுதான், அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. கோயில் நிதியில் அவளுக்கென்று எடுத்து வைப்பதாக முனியாண்டி ஐயா வாக்குக் கொடுத்தார். இதையெல்லாம் முதலில் சொன்னேன். கோழைகள் நல்ல செய்தியைத்தான் முதலில் சொல்வார்கள்.

பிறகு மற்றதைச் சொன்னேன். கோயில் மாற்றிவிட்டிருந்தது, நான்தான் பாதியில் நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். அவள் குழாயின் வெட்டிய முனையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ‘அம்மாகிட்ட இப்ப போயி என்னான்னு சொல்றது, சாமிக்கு மனசு மாறிடுச்சுன்னா?’ என்றாள். அடுத்த வருடம் போடுவாயா என்றேன். பார்க்கலாம் என்றாள். தம்பி அடுத்த வருடம் ஐந்தாம் படிவம், வீட்டில் ஒரு சம்பளம் இப்போதுதான் இரண்டாகியிருக்கிறது, அம்மா இரண்டு மாதமாக நிம்மதியாகத் தூங்குகிறார். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகவும் சொல்லவில்லை. என்னைத் திட்டிவிட மாட்டாளா என்று இருந்தது. திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அவள் சமாதானம் செய்திருப்பாள், இருவரும் வீடு போயிருப்போம். அவள் அந்த வசதியை எனக்குத் தரவில்லை. புத்தகங்களை மறுநாள் கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். வேண்டாம், வைத்துக்கொள் என்றேன். கிளம்பும்போது, ‘ஏன் லோசினி, ஒரு வார்த்தை என்கிட்ட வந்து கேட்டிருக்கக் கூடாதா?’ என்று என் வாய் சும்மா இல்லாமல் கேட்டுவிட்டது.

“மூணு தடவ படிச்சேன் அக்கா. நீங்க அடிச்ச பேனருன்னு தெரியும். அதான் தப்பு இருக்காதுன்னு நம்பிட்டேன்.”

கலைப் படிப்பால் நாலு பேருக்குப் பயன் உண்டா என்று இப்போது யாராவது கேட்டால் உண்டு என்றுதான் சொல்வேன், மக்கள் பணத்தில் மூன்று வருடம் படித்ததை அந்த மீதி மூன்றே நிமிடம் நான் பயன்படுத்தியிருந்தால் அதை நிரூபிக்க இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு பெண்ணும் இருந்திருப்பாள்.